சத்து மாத்திரைகளைச் சேர்த்து உண்ணலாமா?

இராயபுரத்திலோ காசிமேட்டிலோ வாழும் ஒரு தொழிலாளர் குடும்பத்தை மனக்கண்முன் கொண்டுவருவோம். சமையலறை அலமாரியில் உப்புச் சாடிக்கும் தேயிலைப் பொட்டலத்திற்கும் நடுவே பழைய பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்று இருக்கிறது. வீட்டிலுள்ள அனைவருடைய மாத்திரைகளும் அதனுள் கலந்து கிடக்கின்றன. ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகளுக்குச் சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு நிற இரும்புச் சத்து மாத்திரைகளும் வெள்ளை நிறச் சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளும் அதில் உள்ளன. துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்ற மாமனாரின் நீரிழிவு மாத்திரைகளும், "நரம்புக்கு நல்லது" என்று யாரோ சொல்லக் கேட்டு அவர் வாங்கிய மாத்திரைகளும் உள்ளன. மாமியாரின் மூட்டு வலிக்கு எழுதிக் கொடுத்த வைட்டமின் டி பொட்டலங்களும் உள்ளன.

காலைப் பலகாரம் முடிந்ததும் மருமகள் தனக்குரிய இரண்டு மாத்திரைகளையும் உள்ளங்கையில் சேர்த்து வைத்து, ஒரு குவளைத் தேநீருடன் விழுங்குகிறாள். மறந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணந்தான் காரணம். மூன்று மாதங்களாக ஒரு நாளும் தவறவில்லை. ஆயினும் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் அளவு ஏறவேயில்லை. "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லையா?" என்று செவிலியர் கேட்கும்போது அவள் கண் கலங்குகிறாள். அவள் பொய் சொல்லவில்லை. செவிலியர் கேட்டதிலும் தவறில்லை. தவறு இருவருக்கும் தெரியாமல் அந்தத் தேநீர்க் குவளைக்குள் இருக்கிறது.

இக்குடும்பம் நாம் கற்பனை செய்துகொண்டதே. எனினும், இதைப் படிக்கும் அன்பர்களில் பலர், "எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி உண்டே!" என்று எண்ணக்கூடும். அப்பெட்டியில் எவற்றைச் சேர்க்கலாம், எவற்றைப் பிரிக்க வேண்டும், எவற்றை எறிந்துவிட வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரும்பும் சுண்ணாம்பும்

நம் நாட்டில் கருவுற்ற தாய்மார்க்கு இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை வழங்கும் திட்டம் 1970-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. 2018-இல் அது இரத்த சோகையற்ற பாரதம் என்னும் பெரிய இயக்கமாக விரிந்தது. அதன்படி, கருவுற்ற நான்காம் மாதம் முதல் நாள்தோறும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட ஒரு மாத்திரையைக் குறைந்தது 180 நாள்கள் உட்கொள்ள வேண்டும். பேறுகாலத்திற்குப் பின்னும் 180 நாள்கள் தொடர வேண்டும். இத்தனை ஆண்டு முயற்சிக்குப் பிறகும், 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்துப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்த சோகையுடன்தான் வாழ்கின்றனர். பேறுகாலத்தில் உதிரப்போக்கு மிகுந்தால், இரத்தம் குன்றிய தாயின் உடல் அதைத் தாங்காது. ஆகவே இது வெறும் மாத்திரைக் கணக்கன்று. தாயின் உயிர்க் கணக்கு.

சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கும் தக்க காரணம் உண்டு. குழந்தையின் எலும்பு வளர்வதற்கு மட்டுமன்றி, தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரை கொண்டுபோகும் கொடிய பேறுகால நோயின் வாய்ப்பைக் குறைப்பதற்கும் அது உதவுகிறது. 500 மில்லிகிராம் கால்சியமும் 250 அலகு வைட்டமின் டியும் கொண்ட மாத்திரையை நாளுக்கு இரண்டாகத் தருவது வழக்கம்.

இரண்டும் வேண்டியவையே. ஆனால் இரண்டும் ஒரே வேளையில் வேண்டியவை அல்ல. உண்ட இரும்பு, சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலேதான் பெரும்பாலும் உடலுக்குள் ஏறுகிறது. அவ்விடத்தில் சுண்ணாம்பு நிறைந்திருந்தால் இரும்பின் நுழைவு தடைபடுகிறது. துறைமுகத்தில் கப்பல் அணையும் மேடையை ஒரு பெரிய கப்பல் அடைத்துக்கொண்டால், பின்னால் வந்தது நங்கூரமிட்டுக் காத்துக் கிடப்பதைக் கண்டிருக்கிறோமல்லவா? கப்பலாவது காத்திருந்து உள்ளே வரும். இரும்போ குடலைக் கடந்து மலத்தோடு வெளியேறிவிடும்.

தேநீரும் காப்பியும் இதனினும் வல்லமை மிக்க தடைகள். அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு, உடல் உறிஞ்ச முடியாத கூட்டுப் பொருளாக்கிவிடுகிறது. பால், தயிர், நெஞ்செரிச்சலுக்கு உண்ணும் மருந்து ஆகியவையும் இரும்புக்குத் துணை செய்வன அல்ல. மாறாக, எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பு உடலில் ஏறுவதற்கு உதவுகிறது. இவ்விரண்டும் சேரத் தகுந்த நல்ல இணை.

அப்படியானால் அந்த மருமகள் என்ன செய்ய வேண்டும்? காலைப் பலகாரத்தோடு ஒரு சுண்ணாம்புச் சத்து மாத்திரை. நண்பகல் உணவோடு மற்றொன்று. இரண்டையும் ஒருசேர விழுங்கலாகாது. ஒரு வேளையில் ஏறக்குறைய 500 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்தால் உடல் அதைச் செவ்வையாக ஏற்பதில்லை. இரவு உணவு முடிந்து இரண்டு மணி நேரம் சென்றபின், படுக்கப் போகும்முன், இரும்பு மாத்திரையை வெறும் நீரோடு அல்லது எலுமிச்சைச் சாற்றோடு உண்ணலாம். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீர் கூடாது. மருத்துவர் வேறு நேரம் குறித்திருந்தால் அதையே பின்பற்றுக. ஆனால் இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும். இரும்பு உண்ணும் நாள்களில் மலம் கறுத்துப் போவதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

இவ்வாறு முறைப்படி உண்டும் இரத்தம் ஏறவில்லையானால், குடற்புழுவோ, பி-12 குறைவோ, தலசீமியா போன்ற பிறவிக் குறையோ காரணமாக இருக்கலாம். அந்நிலையில் மாத்திரையைத் தாமே இரட்டிப்பாக்குவது தவறு. தலசீமியா உள்ளவர்க்கு வேண்டாத இரும்பு உடலில் தங்கி ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும். மேற்கொண்டு பரிசோதனை செய்துகொள்வதே முறை.

ஃபோலிக் அமிலத்தின் முகத்திரை

இந்த மாத்திரையிலுள்ள ஃபோலிக் அமிலத்திற்கும் நம் நாட்டிற்கும் நெருங்கிய உறவு உண்டு. 1928-ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் உழைத்த ஏழைப் பெண்களுக்குக் கருவுற்ற காலத்தில் வந்த கடுஞ்சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் என்னும் நொதியின் சாறு அந்நோயைப் போக்குவதை அவர் கண்டு, 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றில் மறைந்திருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்கும் வழியை 1945-இல் கண்டறிந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர் அவர். அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்புரூ என்னும் குடல் நோயால் மாண்டனர். பின்னாளில் அந்நோய்க்கே ஃபோலிக் அமிலம் மருந்தாயிற்று என்பது உள்ளத்தைத் தொடும் செய்தி.

இத்துணை நன்மை பயக்கும் பொருளும் தனித்து நின்றால் ஒரு தீமையை மறைக்கும் திரையாகிவிடக்கூடும். பி-12 குறைவினால் வரும் சோகைக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் மிகுதியாகக் கொடுத்தால், இரத்தம் தேறிவிடும். ஆனால் நரம்புகள் உள்ளே அரிக்கப்பட்டுக்கொண்டே போகும். 1940-களில் மருத்துவர்கள் இதைப் பட்டறிந்து கற்றனர். 1948-இல் பி-12 பிரித்தெடுக்கப்பட்டது.

நமது மாமனாரைப் பாருங்கள். அவர் நீரிழிவுக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் உண்டு வருகிறார். அம்மருந்தை நெடுநாள் உண்போரில் சிலருக்கு பி-12 குறைவது உண்டு. புலால் உண்ணாதவர்க்கும், வயது முதிர்ந்தோர்க்கும், அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மருந்தை ஆண்டுக்கணக்கில் உண்போர்க்கும் அவ்வாறே. கால் மரத்துப் போகிறது, ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்றால், "எல்லாம் சர்க்கரையினால்தான்" என்று விட்டுவிடாமல், பி-12 அளவைப் பரிசோதிக்கும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதற்காக நீரிழிவு மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவதும் கூடாது.

அவர் தாமாக வாங்கி உண்ணும் நரம்பு மாத்திரையிலும் ஒரு சூது உண்டு. அத்தகைய மாத்திரைகள் சிலவற்றில் பி-6 என்னும் வைட்டமின் மிக உயர்ந்த அளவில் இருக்கிறது. அமெரிக்க அறிஞர்கள் ஒரு நாளுக்கு வகுத்த உச்ச அளவு 100 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்போ 2023-இல் அதை 12 மில்லிகிராம் என்று வகுத்தது. பி-6 நெடுங்காலம் மிகுந்தால் விளைவது என்ன தெரியுமா? கைகால் மரத்துப் போதல்! மரத்துப் போதலைப் போக்க உண்ட மாத்திரையே மரத்துப் போகச் செய்யும் விந்தை இது. காசநோய் மருந்து உண்போர்க்கு மருத்துவர் அளந்து தரும் பி-6 வேறு, அதை நிறுத்தலாகாது. தாமே வாங்கி ஆண்டுக்கணக்கில் உண்பதைத்தான் நாம் சொல்கிறோம்.

தங்கிப்போகும் வைட்டமின்கள்

வைட்டமின்களில் பி வகையும் சி வகையும் நீரில் கரைவன. மிகுந்தால் பெரும்பாலும் சிறுநீரில் கழிந்துவிடும். ஏ, டி, இ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைவன. இவற்றில் ஏ வகையும் டி வகையும் உடலிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும்.

வைட்டமின் டி பொட்டலம் ஒன்றில் பெரும்பாலும் 60,000 அலகு இருக்கிறது. அதை வாரத்திற்கு ஒன்றாகச் சில வாரங்களுக்கு மட்டும் உண்ணும்படி எழுதித் தருவார்கள். பெரியோர் மருத்துவக் கண்காணிப்பின்றி நாள்தோறும் உண்ணத்தக்க உச்ச அளவு 4,000 அலகு என்பது பொதுக் கணக்கு. எனவே ஒரு பொட்டலம் என்பது பதினைந்து நாள்களின் உச்ச அளவுக்குச் சமம். 'வாரம் ஒன்று' என்பதை 'நாள் ஒன்று' என்று தவறாகக் கொண்டு, கூடவே சுண்ணாம்பு மாத்திரையும் விழுங்கி வந்தால், இரத்தத்தில் கால்சியம் மிகுந்து தீராத தாகம், அடிக்கடி சிறுநீர் போதல், மலச்சிக்கல், வாந்தி, மனக் குழப்பம் ஆகியவை தோன்றும்; முடிவில் சிறுநீரகம் பழுதுபடும். மூட்டு வலி தீரவில்லை என்று மாமியார் பொட்டலங்களைத் தாமே தொடர்ந்து வாங்குவது இதனால்தான் தகாது.

மீனெண்ணெய் பற்றியும் கடற்கரை மக்களாகிய நாம் அறிந்திருத்தல் நன்று. இரண்டாம் உலகப் போரின்போது நார்வே நாட்டிலிருந்து காட் மீன் ஈரல் எண்ணெய் வருவது தடைப்படவே, சென்னை மாகாண அரசின் மீன்துறை கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் வடித்து மருந்தாக வழங்கிற்று. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏயும் டியும் செறிந்திருக்கும். மீனின் உடற்கொழுப்பிலிருந்து எடுக்கும் ஒமேகா-3 எண்ணெயோ வேறு. அதில் வைட்டமின் ஏ மிகச் சொற்பம். இவ்விரண்டையும் ஒன்றென மயங்கலாகாது. கருவுற்ற பெண் நாள்தோறும் 10,000 அலகுக்கு மேல் வைட்டமின் ஏ உண்டால், கருவிலிருக்கும் சிசுவின் உறுப்புகள் ஊனப்படக்கூடும் என்ற அச்சம் உண்டு. முதல் மூன்று மாதங்களில் இது மிகமிக முக்கியம். காட் ஈரல் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 4,500 அலகு இருக்கக்கூடும். இரண்டு தேக்கரண்டி எண்ணெயோடு 5,000 அலகு கொண்ட பல்சத்து மாத்திரை ஒன்றும் சேர்ந்தால் எல்லை கடந்துவிட்டதல்லவா? தனித்தனியே தீங்கற்றவை கூடும்போது தீங்காகின்றன.

புகைபிடிப்போர்க்கு ஒரு சொல்

எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பகுதிகளில் புகையும் தூசும் நிறைந்த தொழிற்சாலைகளில் உழைப்போர், "நுரையீரலுக்குப் பாதுகாப்பு" என்று எண்ணி பீட்டா கரோட்டின் கலந்த மாத்திரைகளை வாங்குவது உண்டு. வைட்டமின் ஏ ஆக மாறும் இப்பொருள் புற்றுநோயைத் தடுக்கும் என்றே அறிஞரும் ஒரு காலத்தில் நம்பினர். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு பெரும் ஆய்வு நடந்தது. 1994-இல் முடிவு வெளிவந்தபோது உலகம் திகைத்தது. நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்கு 18 பங்கு மிகுந்திருந்தது! அமெரிக்காவில் புகைபிடிப்போரையும் கல்நார்த் தொழிலில் உழைத்தோரையும் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வு, இதே தீமை கண்டு 1996 சனவரியில் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

காரட்டும் பூசணியும் கீரையும் இத்தீங்கைச் செய்வதில்லை. அவற்றைத் தாராளமாக உண்ணலாம். மாத்திரையாகச் செறிவாக்கி உண்பதே தீது. பீடியை விடாமல் மாத்திரையைப் பிடிப்பது ஓட்டைப் படகில் நீரை இறைத்துக்கொண்டே இருப்பது போன்றது. முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்.

துத்தநாகமும் செம்பும்

2020, 2021-ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில் துத்தநாக மாத்திரை பல வீடுகளில் புகுந்தது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டால் உப்பு-சர்க்கரைக் கரைசலோடு 14 நாள்கள் துத்தநாகம் தருவது நன்கு ஆராய்ந்து வகுத்த மருத்துவம், அதில் ஐயமில்லை. பெரியோர் நாள்தோறும் 40 மில்லிகிராமுக்கு மேல் மாதக்கணக்கில் உண்பதே தவறு. துத்தநாகம் மிகுந்தால் குடலின் அணுக்கள் செம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, தாம் உதிரும்போது அதையும் கொண்டுபோய்விடுகின்றன. செம்பு குறைந்தால் சோகை வரும், நரம்பும் தளரும். அச்சோகைக்கு எத்துணை இரும்பு கொடுத்தாலும் பயன் இராது.

மருந்தோடு மோதும் சத்துகள்

மாத்திரைகள் ஒன்றோடொன்று மட்டுமன்றி, நோய்க்கு உண்ணும் மருந்துகளோடும் மோதுகின்றன. முக்கியமானவற்றை மட்டும் கூறுவோம்.

1. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் உண்டு, இரும்புக்கும் சுண்ணாம்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுக.

2. மழை வெள்ளத்தில் நடந்தோர்க்கு எலிக்காய்ச்சல் கண்டால் தரும் டாக்சிசைக்ளின், சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றை இரும்பு, சுண்ணாம்பு, துத்தநாகம் ஆகிய மூன்றும் பற்றி வீணாக்கும். ஒரே வேளையில் உண்ணலாகாது. எவ்வளவு இடைவெளி என்று மருத்துவரைக் கேட்க.

3. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பெற்று, இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து உண்போர், வைட்டமின் கே கலந்த மாத்திரையையோ, மிகுதியான வைட்டமின் இ மாத்திரையையோ தாமே தொடங்கலாகாது. முன்னது மருந்தின் வலிமையைக் குறைக்கும். பின்னது இரத்தப்போக்கை மிகுவிக்கும்.

4. சிறுநீரகக் கல் வந்தவர்கள் நாள்தோறும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி உண்பதைத் தவிர்ப்பது நன்று.

குழந்தை எட்டாத இடம்

இனி எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. சிவப்பு நிற இரும்பு மாத்திரை குழந்தையின் கண்ணுக்கு மிட்டாயாகவே தோன்றும். உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் இரும்பு உள்ளே போனால் உயிருக்கே கேடு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 600 மில்லிகிராம். அதாவது 60 மில்லிகிராம் கொண்ட பத்தே மாத்திரைகள். ஒரே அட்டையில் பத்து மாத்திரைகள் இருக்கின்றன! அதைவிடக் குறைந்த எண்ணிக்கையும் தீங்கு செய்யும். விழுங்கிய குழந்தை முதலில் வாந்தியெடுக்கும். பின்பு சில மணி நேரம் தேறிவிட்டதுபோல் விளையாடும். அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டால், அடுத்து ஈரல் கெட்டு மயங்கிவிழும். ஆகவே காத்திராமல் 108 வண்டியை அழைத்து, காலி அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

முதல் மருந்து உணவே

மாத்திரை வேண்டியவர்க்கு மாத்திரை, எல்லோர்க்கும் உணவு. வடசென்னைக்கு இதில் ஒரு குறையுமில்லை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தெருமுனையில் விற்கும் கேழ்வரகுக் கூழை ஏழையின் உணவென்று இகழ்வோர் இதை எண்ணிப் பார்க்கட்டும். காசிமேட்டுக் கரையில் இறங்கும் நெத்திலியை முள்ளோடு உண்டால் சுண்ணாம்பும் பி-12-உம் ஒருங்கே கிடைக்கும். முருங்கைக் கீரையும், கொழுப்பு நிறைந்த மத்தி மீனும், பருப்புச் சோற்றின்மேல் பிழிந்த எலுமிச்சையும் மலிவான சத்து மாத்திரைகளே. உணவு முடிந்த கையோடு தேநீர் அருந்தும் பழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டால் போதும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டது. அளவோடு நேரமும் இணையும் பார்க்க வேண்டும் என்பதை அதனோடு சேர்த்துக்கொள்வோம்.

அன்பர்களே, இன்றிரவு அந்தத் தகரப்பெட்டியை இறக்கி, எல்லாவற்றையும் பாயில் பரப்புங்கள். காலாவதியானவற்றை அகற்றுங்கள். மீதியுள்ள ஒவ்வோர் அட்டையிலும் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறதென்று, பெயரைப் பாராமல் உள்ளடக்கத்தைப் பார்த்து, ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே சத்து இரண்டு பெயர்களில் வந்திருப்பதை அப்போதே காண்பீர்கள். யாருக்கு எது, எந்த வேளை என்றும் குறித்து, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அத்தாளைக் காட்டுங்கள். பின்பு பெட்டியைக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அந்த மருமகளிடமும், கடிந்து பேசாமல், ஒன்றைச் சொல்லுங்கள்: "அம்மா, நீ தவறாமல் உண்டாய்; அது நல்லது. இனி சிவப்பு மாத்திரையை மட்டும் இரவில், தேநீர் இல்லாமல், தனியாகச் சாப்பிடு." அடுத்த பரிசோதனையில் அவள் தலை நிமிர்ந்து நிற்க அது வழி செய்யும்.